கூட்டம் அஃறிணையா? – ஜேம்ஸ் என்சோரின் ‘பேராலயம்’ (1886)

ஏறத்தாழ 24 செ.மீ. உயரமும் 19 செ.மீ. அகலமும் கொண்ட ஒரு சிறிய அச்சுப்படம். அதன் பெரும்பகுதியைக் கோதிக் பாணியிலான ஒரு பேராலயம் அடைத்துக்கொண்டு நிற்கிறது. கோபுரங்களும் கூரிய வளைவுகளும் சாளரங்களும் நூலால் பின்னப்பட்டவையோ என்று ஐயுறும் அளவுக்கு நுண்ணிய கோடுகளால் ஆனவை. ஆலயத்தின் அடியில் கொடிகள் அசைகின்றன. அவற்றுக்கு முன்னே படைவீரர்கள் வரிசை வரிசையாக அணிவகுத்திருக்கின்றனர். அவர்களுக்கும் முன்னே, படத்தின் கீழ்விளிம்பை ஒட்டி, முகமூடி தரித்த கார்னிவல் கூட்டம் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிறது. தலைகளை எண்ணத் தொடங்குவோர் சிறிது நேரத்தில் அம்முயற்சியைக் கைவிட நேரும். பெல்ஜிய ஓவியர் ஜேம்ஸ் என்சோர் 1886ஆம் ஆண்டில் உலோகத் தகட்டில் பொறித்து அச்சிட்ட ‘பேராலயம்’ என்னும் எட்சிங் ஓவியம் இது.

கலை வரலாற்று நூல்கள் இப்படத்தை விசித்திரக் கற்பனை என்றே பெரும்பாலும் வகைப்படுத்துகின்றன. அவ்வகைப்பாடு பிழையன்று. இப்படி ஓர் ஆலயம் எந்த நகரிலும் இல்லை. ஜெர்மனியின் ஆஹன் பேராலயத்தின் சாயலும் வியன்னாவின் புனித ஸ்தேவான் பேராலயத்தின் சாயலும் அதில் கலந்திருப்பதை அறிஞர்கள் சுட்டியுள்ளனர். படையும் முகமூடிக் கூட்டமும் இவ்வாறு ஒரே முற்றத்தில் குவிந்த நாள் என்று எதுவும் வரலாற்றில் இல்லை. ஆயினும், இப்படம் எழுப்பும் வினா முற்றிலும் வரலாற்று வினா. ஒரு பெருங்கூட்டத்தைப் பார்ப்பவர் அதில் மனிதர்களைக் காண்கிறாரா, அல்லது கூட்டம் என்ற ஒற்றைப் பொருளைக் காண்கிறாரா? 1886ஆம் ஆண்டின் பெல்ஜியத்தில் இவ்வினாவுக்கான விடை பல உயிர்களின் விலையாக இருந்தது.

என்சோர் 1860ஆம் ஆண்டு ஏப்ரல் 13 அன்று வட கடலோர நகரமான ஓஸ்டெண்டில் பிறந்தார். தந்தை ஆங்கிலேயர், தாய் அவ்வூர்ப் பெண். தாய்வழிக் குடும்பம் நடத்திய கடையில் கிளிஞ்சல்கள், சீனப் பீங்கான்கள், பாடம் செய்யப்பட்ட உயிரினங்கள், பழம்பொருள்கள் ஆகியவற்றோடு கார்னிவல் முகமூடிகளும் விற்கப்பட்டன. ஆண்டுதோறும் தவக்காலம் தொடங்குவதற்கு முந்தைய நாள்களில், ஊரார் அக்கடையில் முகங்களை விலைக்கு வாங்கிச் சென்று தெருவில் அணிந்தனர். என்சோருக்கு முகமூடி என்பது இத்தாலிய நாடக மரபிலிருந்தோ நூல்களிலிருந்தோ கற்றுக்கொண்ட குறியீடு அன்று. வீட்டின் வருமானம் அது. பிரஸ்ஸல்ஸ் நுண்கலைக் கழகத்தில் 1877 முதல் 1880 வரை பயின்றபின் அவர் ஓஸ்டெண்டுக்கே திரும்பினார். வீட்டின் மேல்மாடத்து அறையே அவருடைய ஓவியக்கூடமாயிற்று. கீழே தெருவில் செல்லும் ஊர்வலங்களையும் இசைக்குழுக்களையும் அந்த உயரத்திலிருந்து அவர் ஆண்டுக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஓஸ்டெண்ட் அக்காலத்தில் இரண்டு ஊர்களாக இருந்தது. ஒன்று மன்னர் இரண்டாம் லியோபோல்டின் ஆதரவில் வளர்ந்த கடற்கரை உல்லாச நகரம். கோடையில் ஐரோப்பியச் செல்வர்கள் கூடும் இடம். மற்றொன்று மீனவர் துறைமுகம். முதலாவது பிரெஞ்சு பேசியது. இரண்டாவது மேற்கு பிளெமிஷ் வட்டார வழக்கைப் பேசியது. என்சோர் எழுதியது பிரெஞ்சில். அவரைச் சூழ ஒலித்ததோ ஊரின் பேச்சுமொழி. கார்னிவல் நாள்களில் மட்டும் இவ்விரு ஊர்களும் ஒரே தெருவில் இறங்கின.

1883இல் பிரஸ்ஸல்ஸில் ‘இருபதின்மர்’ என்ற கலைஞர் குழு உருவானபோது என்சோர் அதன் தொடக்க உறுப்பினர்களுள் ஒருவரானார். அதிகாரபூர்வக் கண்காட்சிகள் ஏற்காத புதிய ஓவியங்களுக்கு அக்குழு இடமளித்தது. இந்தப் பின்னணியில்தான் 1886இல் அவர் முதன்முறையாக எட்சிங் முறையைக் கையில் எடுத்தார். அம்முறையில் அவர் வாழ்நாளில் செய்த படங்கள் நூற்றுமுப்பதுக்கும் மேற்பட்டவை. ‘பேராலயம்’ அவற்றுள் மிகத் தொடக்கத்தில் வந்தது.

அதே ஆண்டில் பெல்ஜியத்தில் வேறொரு கூட்டம் தெருவுக்கு வந்தது.

1886 மார்ச் 18 அன்று, பாரிஸ் கம்யூனின் 15ஆம் ஆண்டு நினைவாக லியேஜ் நகரில் அராஜகவாதக் குழு ஒன்று பேரணிக்கு அழைப்பு விடுத்தது. எதிர்பார்த்ததைவிடப் பெருந்திரளானோர் வந்தனர். பொருளாதார மந்தம், ஊதியக் குறைப்பு, நிலக்கரிச் சுரங்கங்களின் நிலைமை ஆகியவை சேர்த்துவைத்த சினம் அன்று வெளிப்பட்டது. வேலைநிறுத்தம் லியேஜிலிருந்து ஷார்ல்ருவா வட்டாரத்துக்குப் பரவியது. ஜுமே என்னும் ஊரில் போதூ என்ற முதலாளியின் கண்ணாடித் தொழிற்சாலையும் மாளிகையும் தீக்கிரையாயின. அங்கே நிறுவப்பட்டிருந்த புதுவகை உலைகள், குழலூதிக் கண்ணாடி செய்யும் கைவினைஞர்களின் வாழ்வாதாரத்தைப் பறிக்கும் என்ற அச்சம் அத்தீயின் பின்னே இருந்தது. கிளர்ச்சியை ஒடுக்கும் பொறுப்பு தளபதி வான் டெர் ஸ்மிஸ்ஸனிடம் ஒப்படைக்கப்பட்டது. ரூ என்ற ஊரில் படைவீரர்கள் தொழிலாளர் திரளை நோக்கிச் சுட்டனர், பலர் இறந்தனர்.

அதன்பின் நீதிமன்றம் வந்தது. கண்ணாடித் தொழிலாளர் சங்கத்தின் செயலாளர் ஒஸ்கார் ஃபாலரும், ஸேவியர் ஷ்மிட்டும் தலா 20 ஆண்டுக் கடுங்காவல் உழைப்புத் தண்டனை பெற்றனர். இங்கே ஒரு முரண் உண்டு. சுடும்போது அரசின் கண்ணுக்குத் தெரிந்தது கூட்டம். அதில் யார் நின்றார், எதற்காக நின்றார் என்ற வேறுபாடு துப்பாக்கிக்குத் தேவைப்படவில்லை. தண்டிக்கும்போதோ அதே கூட்டத்திலிருந்து பெயரும் முகவரியும் உள்ள தனிமனிதர்கள் பிரித்தெடுக்கப்பட்டனர். கூட்டத்தின் செயல் முழுவதும் அவர்கள் தலையில் ஏற்றப்பட்டது. சாகும்போது முகமற்றவர்கள், தண்டனை பெறும்போது முகமுள்ளவர்கள்.

அரசு வேறொன்றும் செய்தது. 1886 ஏப்ரலில் தொழிலாளர் நிலைமையை ஆராய ஓர் ஆணையம் அமைக்கப்பட்டது. வினாப்பட்டியல்கள் அனுப்பப்பட்டன, தொழில் வட்டாரங்களில் நேரில் சாட்சியம் பெறப்பட்டது. ஊதியத்தைப் பொருளாக அன்றிப் பணமாகவே தர வேண்டும் என்ற சட்டம் 1887இலும், பெண்கள், சிறார் உழைப்பைக் கட்டுப்படுத்தும் சட்டம் 1889இலும் வந்தன. சுட்ட பிறகே கேட்கத் தோன்றியது என்பது அந்நாட்டின் தொழிலாளர் வரலாற்றில் மறக்கப்படாத செய்தி. முன்னரே கேட்கும் வழி அமைந்திருக்கவில்லை. சொத்துவரி அடிப்படையிலான வாக்குரிமையின் கீழ், ஏறத்தாழ 60 லட்சம் மக்கள் வாழ்ந்த நாட்டில் நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களிக்க உரிமை பெற்றிருந்தோர் ஏறத்தாழ 1,37,000 பேர் மட்டுமே. 1893ஆம் ஆண்டின் பொது வேலைநிறுத்தத்துக்குப் பிறகுதான் வயது வந்த ஆண்கள் அனைவருக்கும் வாக்கு கிடைத்தது. வாக்காளர் தொகை ஏறத்தாழ பத்து மடங்காகப் பெருகியது. அப்போதும் சொத்தும் கல்வியும் உடையோருக்குக் கூடுதல் வாக்குகள் இருந்தன; பெண்களுக்கு ஒன்றுமில்லை. ஆகவே 1886இல் தெருவில் இறங்கியோருக்குத் தெருவைத் தவிர, தாம் இருப்பதைத் தெரிவிக்க வேறு இடம் இல்லை.

அக்காலத்து அறிவுலகம் அவர்களை எவ்வாறு பார்த்தது? பாரிஸ் கம்யூனின் அதிர்ச்சிக்குப் பின் 1875 முதல் வெளிவந்த இப்போலித் தேனின் பிரெஞ்சு வரலாற்று நூல்வரிசை, புரட்சிக் கூட்டத்தைக் கட்டவிழ்ந்த விலங்காக வரைந்தது. இத்தாலியச் சட்டவியலாளர் ஸ்கிப்பியோ சிகேலே 1891இல் குற்றம் புரியும் கூட்டம் பற்றித் தனி நூலே எழுதினார். 1895இல் குஸ்தாவ் லெ போன் வெளியிட்ட கூட்ட உளவியல் நூல் உலகப் புகழ் பெற்றது. கூட்டத்தில் சேரும் தனிமனிதன் தன் உணர்வுபூர்வமான ஆளுமையை இழக்கிறான், நாகரிகப் படிக்கட்டில் பல படிகள் கீழிறங்குகிறான் என்பது அதன் மையக் கருத்து. இவர்கள் மூவரிடையேயும் வேறுபாடுகள் பல. எனினும் ஓர் எடுகோள் பொதுவானது. கூட்டம் என்பது மனிதர்களின் தொகை அன்று. மனிதர்கள் கரைந்தபின் எஞ்சும் வேறொரு பொருள்.

இவ்வெடுகோளின் ஒரு பகுதி மொழியிலேயே தயாராகக் கிடைப்பது கவனிக்கத்தக்கது. கூட்டத்தைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லான ‘ஃபூல்’, மிதித்தல், துவைத்தல் என்ற பொருளுடைய வினையிலிருந்து பிறந்தது. இலக்கணப்படி அது பெண்பால் ஒருமை. தமிழின் திணைப் பகுப்பு இச்சிக்கலை இன்னும் வெளிப்படையாகக் காட்டும். ‘மக்கள் வந்தனர்’ என்பது உயர்திணைப் பலர்பால். ‘கூட்டம் வந்தது’ என்பது அஃறிணை ஒன்றன்பால். வந்தவர்கள் அதே ஆயிரம் பேர்தாம். பெயர்ச்சொல் மாறியவுடன் அவர்கள் திணை மாறிவிடுகின்றனர். தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் கிளவியாக்கம், பொருளால் உயர்திணையைச் சார்ந்தும் சொல்லளவில் அஃறிணையாக முடியும் சொற்களைப் பட்டியலிடுகிறது. அப்பட்டியலில் ‘குழு’ உண்டு, ‘அரசு’ம் உண்டு. ‘அரசு ஆணையிட்டது, படை சுட்டது, கூட்டம் கலைந்தது’ என்று எழுதினால் இலக்கணம் முழுமையாகப் பொருந்தும். நிகழ்ச்சியில் மனிதர் ஒருவர்கூட இருக்கமாட்டார். ஆணையிட்டவர், சுட்டவர், விழுந்தவர் ஆகிய மூவரையும் ஒரே தொடர் மறைத்துவிடும். இது தமிழின் குறையன்று. தொகைப்பெயர் எம்மொழியிலும் செய்யும் வேலையைத் தமிழ் வினைமுற்று கண்முன் காட்டிவிடுகிறது, அவ்வளவே.

இந்த இலக்கண வினாவோடு ‘பேராலய’த்துக்குத் திரும்பலாம். ரூவில் நிகழ்ந்ததன் சித்திரமாக இப்படத்தைக் கொள்ளலாகாது. இதில் துப்பாக்கிச் சூடும் இல்லை, வேலைநிறுத்தமும் இல்லை. ஆனால், கூட்டத்தை எந்தத் திணையில் வரைவது என்ற தேர்வு இப்படத்தின் ஒவ்வொரு கோட்டிலும் இருக்கிறது.

எட்சிங் முறையில் தாமிரம் அல்லது துத்தநாகத் தகட்டின்மீது மெழுகும் நிலக்கீலும் கலந்த மெல்லிய பூச்சு இடப்படும். ஓவியர் கூரிய ஊசியால் அப்பூச்சைக் கீறுகிறார். கீறிய இடத்தில் மட்டும் உலோகம் வெளிப்படும். தகட்டை அமிலத்தில் இட்டால் வெளிப்பட்ட கோடுகள் அரிக்கப்பட்டுப் பள்ளமாகும். பின்பு பூச்சை நீக்கி, மையைத் தேய்த்து, மேற்பரப்பைத் துடைத்தால் மை பள்ளங்களில் மட்டும் தங்கும். ஈரத்தாளை வைத்து உருளை அச்சில் அழுத்தும்போது கோடுகள் தாளில் இடவலம் மாறிப் பதியும். தூரிகைக்கு உள்ள வசதி இம்முறையில் இல்லை. தூரிகை ஒரே வீச்சில் ஒரு திரளைக் கறுப்பாகத் தீட்டிவிட முடியும். ஊசியோ ஒவ்வொரு கோடாகவே செல்ல வேண்டும். ஆயிரம் தலைகளை வரைய விரும்புபவர் அவற்றை ஒவ்வொன்றாகக் கீறியாக வேண்டும்; அல்லது தலைகளைக் குறிக்கும் ஒரு சுருக்கக் குறியைக் கண்டுபிடித்தாக வேண்டும்.

என்சோர் இரண்டையும் செய்தார். எங்கே எதைச் செய்தார் என்பதில்தான் இப்படத்தின் பொருள் அடங்கியிருக்கிறது. கீழ்விளிம்பில் உள்ள கார்னிவல் கூட்டத்துக்கு அவர் தனித்தனி முகங்களைத் தந்தார். அம்முகங்கள் கோணலானவை, மிகைப்படுத்தப்பட்டவை. எது முகம், எது முகமூடி என்று பல இடங்களில் சொல்ல முடியாது. ஆனால் ஒன்றைப்போல் மற்றொன்று இல்லை. அதற்குப் பின்னே நிற்கும் படைவரிசைகளிலோ ஒரே வகைக் கீறல் மீண்டும் மீண்டும் வருகிறது. ஒரே உயரம், ஒரே சாய்வு, ஒரே இடைவெளி. சீருடை அணிந்தோர் சீரான கோடுகளாகின்றனர். தொலைவுக்குச் செல்லச் செல்ல அவர்கள் வெறும் நெசவாகி, கொடிகளுக்கு அப்பால் ஆலயத்தின் கல்லோடு கலந்துவிடுகின்றனர்.

லெ போனும் அவருக்கு முந்தையோரும் கண்ட காட்சி இங்கே தலைகீழாகிறது. ஒழுங்கற்ற திரளில் ஆளுமை அழியும், ஒழுங்கு ஆளுமையைக் காக்கும் என்பது அவர்கள் நம்பிக்கை. என்சோரின் தகட்டில் ஒழுங்கற்ற திரளில்தான் ‘பலர்’ இருக்கின்றனர். ஒழுங்கான அணியில் ‘அது’ மட்டுமே இருக்கிறது. முகத்தை மறைப்பது முகமூடியின் வேலை என்பது பொது எண்ணம். இப்படத்திலோ முகமூடி அணிந்தோருக்குத்தான் முகம் இருக்கிறது. ஐரோப்பிய மொழி வரலாற்றில் இதற்கு ஓர் இணை உண்டு. லத்தீனில் ‘பெர்சோனா’ என்ற சொல் முதலில் நாடக நடிகரின் முகமூடியைக் குறித்தது. பின்பு நாடகப் பாத்திரத்தை. பின்பு சட்டத்தின் முன் நிற்கும் ஆளை. இலக்கணத்தில் தன்மை, முன்னிலை, படர்க்கை என்னும் இடங்களையும் அதே சொல் குறித்தது. ஆள் என்ற கருத்தே முகமூடியின் வழியாக வந்த மரபில், முகமூடிக் கடை வைத்திருந்த குடும்பத்தில் பிறந்த ஒருவர், முகமூடியால் கூட்டத்துக்கு ஆள்தன்மை தந்தார்.

கார்னிவல் பற்றிப் பேசும்போது ஆய்வுலகம் மிகயில் பக்தினையே முதலில் நாடும். ரபலே பற்றிய ஆய்வேட்டை அவர் 1940இல் எழுதி முடித்தார். நூலாக அது 1965இல்தான் வெளிவந்தது. படிநிலைகள் தற்காலிகமாகக் கவிழும் காலம், பார்வையாளர் வேறு பங்கேற்பாளர் வேறு என்ற எல்லை இல்லாத விழா, அதிகாரபூர்வ உலகுக்கு எதிரே மக்கள் அமைக்கும் இரண்டாம் உலகு என்று அவர் கார்னிவலை விளக்கினார். இவ்விளக்கத்தை ‘பேராலய’த்தின்மீது அப்படியே பொருத்தினால் படம் ஒத்துழைக்காது. இங்கே படிநிலை எதுவும் கவிழவில்லை. ஆலயம் மேலே, படை நடுவே, மக்கள் கீழே என்று மூன்று அடுக்குகளும் அவரவர் இடத்திலேயே இருக்கின்றன. விழாக் கூட்டம் படையை எதிர்த்து நிற்கவும் இல்லை. அதன் அருகிலேயே, அதன் முன்னிலையிலேயே நிற்கிறது. 19ஆம் நூற்றாண்டு நகரக் கார்னிவலின் உண்மை நிலையும் இதுவே. அனுமதி பெற்ற ஊர்வலம், குறிக்கப்பட்ட நாள், கண்காணிக்கும் காவலர் ஆகியவற்றோடுதான் அது நடந்தது. இடைக்கால முகமூடி புதுப்பித்தலின் மகிழ்ச்சியைச் சுமந்தது, ரொமாண்டிக் காலத்தின் முகமூடியோ எதையோ மறைக்கிறது, அதன் பின்னே வெறுமை பதுங்கியிருக்கிறது என்று பக்தினே வேறுபடுத்தியிருந்தார். என்சோரின் முகமூடிகள் இவ்விரண்டிலும் முழுதாக அடங்குவதில்லை. அவற்றில் களிப்பு குறைவு. அதே சமயம் அவை வெற்றுக்கூடுகளும் அல்ல. படையின் அருகில் நிற்கும் முகங்கள் அவை. படை அருகில் இருப்பதை அறிந்த முகங்கள் என்றும் சொல்லத் தோன்றும்.

மறு ஆண்டே அப்படை ஓஸ்டெண்டுக்கு வந்து சேர்ந்தது போலாயிற்று. 1887 ஆகஸ்டில், ஆங்கிலேயப் படகுகள் ஓஸ்டெண்ட் துறையில் மீனை இறக்கி விற்பதை எதிர்த்து உள்ளூர் மீனவர்கள் கிளர்ந்தனர். கிளர்ச்சியை அடக்கத் துப்பாக்கிகள் பயன்பட்டன, மீனவர்கள் கொல்லப்பட்டனர். கடற்கரை உல்லாச விடுதிகளுக்குச் சில தெருக்கள் தள்ளி இது நிகழ்ந்தது. 1888இல் என்சோர் ‘ஜாந்தார்ம்கள்’ என்ற எட்சிங்கைச் செய்தார். 1892இல் அதையே எண்ணெய் வண்ணத்தில் தீட்டினார். அப்படத்தில் கற்பனை ஆலயம் இல்லை, முகமூடி இல்லை. கிடத்தப்பட்ட இரண்டு உடல்கள் இருக்கின்றன. அவற்றைக் காவல் காக்கும் சீருடையினர் இருக்கின்றனர். ‘பேராலய’த்தில் ஒரே முற்றத்தைப் பகிர்ந்துகொண்ட இரண்டு திரள்களுக்கு இடையிலான உறவு எத்தகையது என்பதை இப்படம் ஐயத்துக்கு இடமின்றிச் சொல்லிவிடுகிறது. விசித்திரக் கற்பனை என்று பெயர்பெற்ற கலைஞர், தம் ஊரில் நிகழ்ந்ததை நிகழ்ந்தபடி பார்க்கத் தயங்கவில்லை.

அதே 1888இல் அவர் வரைந்த ‘1889இல் கிறிஸ்து பிரஸ்ஸல்ஸ் நுழைதல்’ ஏறத்தாழ இரண்டரை மீட்டர் உயரமும் நான்கேகால் மீட்டருக்கும் மிகுந்த அகலமும் கொண்ட பேரோவியம். ‘பேராலய’த்தின் கீழ்விளிம்பில் இருந்த கூட்டம் இங்கே முழுத் துணியையும் ஆக்கிரமித்துவிட்டது. படை இப்போது இராணுவ இசைக்குழுவாக நடுவே வருகிறது. தலைக்குமேல் சமூகப் புரட்சியை வாழ்த்தும் பதாகை. கழுதைமீது வரும் கிறிஸ்து பின்புலத்தில் மிகச் சிறிய உருவம், தேடினால்தான் தென்படுவார். ‘இருபதின்மர்’ கண்காட்சியிலும் இது இடம்பெறவில்லை. 1929 வரை பொதுமக்கள் பார்வைக்கு வராமல் ஓவியரின் வீட்டிலேயே இருந்தது. இன்று அது லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் கெட்டி அருங்காட்சியகத்தில் உள்ளது. ஆனால், அந்த நாற்பது ஆண்டு மறைவில் ஓவியத்தின் உள்ளடக்கம் முற்றிலும் மறைந்துவிடவில்லை. 1898இல் என்சோர் அக்காட்சியை எட்சிங்காகவும் செய்தார். சுவரை நிறைத்த ஓவியம் வீட்டைவிட்டு வெளியேற முடியாதபோது, கையில் அடங்கும் தாள் பயணம் செய்தது. அதே ஆண்டு பாரிஸில் ‘லா ப்ளூம்’ இதழ் ஏற்பாடு செய்த கண்காட்சியின் வழியாக அவருடைய அச்சுப்படங்கள் பெல்ஜியத்துக்கு வெளியே அறியப்படலாயின.

எட்சிங்கை ஏன் தேர்ந்தார் என்பதற்கு என்சோர் முதுமையில் எழுதிய கடிதம் ஒன்றில் காரணம் சொல்லியிருக்கிறார். வண்ண ஓவியம் எளிதில் கெட்டுவிடும் என்ற அச்சம் அவரை வாட்டியது. நாளைய மனிதர்களிடம் நீண்ட காலம் பேச அவர் விரும்பினார். ஆகவே உறுதியான தாமிரத் தகடுகளையும் மாறாத மையையும் எளிதில் பெருக்கத்தக்க அச்சையும் நாடியதாக அவர் குறிப்பிட்டார். நிலைபேற்றைத் தேடியே அவர் உலோகத்திடம் சென்றார் எனலாம். ஆனால் உலோகமும் முற்றிலும் நிலையானதன்று. ஒவ்வோர் அச்சழுத்தத்திலும் தகட்டின் நுண்கோடுகள் தேயும். 1896இல், அதாவது பத்தாண்டுகள் கழித்து, என்சோர் ‘பேராலய’த்தைப் புதிய தகட்டில் மீண்டும் ஒருமுறை பொறித்தார்.

இதன் பொருள் சாதாரணமானதன்று. இரண்டாம் தகட்டுக்கு எந்திர வழியிலான பிரதி இல்லை. ஆலயத்தின் ஒவ்வொரு கல்லையும், படையின் ஒவ்வோர் ஈட்டிக் கீற்றையும், கூட்டத்தின் ஒவ்வொரு முகத்தையும் ஊசியால் மறுபடியும் கீறியாக வேண்டும். இடைப்பட்ட பத்தாண்டுகளில் ரூவும் ஓஸ்டெண்ட் துறைமுகமும் வாக்குரிமைப் போராட்டமும் கடந்திருந்தன. லெ போனின் நூல் வெளிவந்து ஓராண்டு ஆகியிருந்தது. கூட்டத்தில் ஆளுமை கரைகிறது என்ற கருத்து அறிவியலின் பெயரால் ஐரோப்பா முழுவதும் பரவிக்கொண்டிருந்த அதே வேளையில், ஓஸ்டெண்டின் மேல்மாடத்தில் ஒருவர் அக்கூட்டத்தின் முகங்களை இரண்டாம் முறையாக ஒவ்வொன்றாக வரைந்துகொண்டிருந்தார். பிற்காலத்தில் சில பிரதிகளுக்கு அவர் தம் கையாலேயே வண்ணமும் இட்டார்.

கூட்டங்களின் வரலாற்றை எழுதுவோர்க்கு ஆவணச் சிக்கல் எப்போதும் உண்டு. கிடைப்பவை பெரும்பாலும் காவல் குறிப்புகள், நீதிமன்றப் பதிவுகள், செய்தித்தாள் அறிக்கைகள். அவற்றில் கூட்டம் ‘வந்தது’, ‘கல்லெறிந்தது’, ‘கலைக்கப்பட்டது’. பெயர் வரும் இடம் பிணக்கூறு அறிக்கையும் குற்றப்பத்திரிகையும் மட்டுமே. 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஜார்ஜ் ரூதே, இ. பி. தாம்ப்சன் முதலிய வரலாற்றறிஞர்கள் இதே ஆவணங்களை மறுவாசிப்பு செய்து, கூட்டத்தில் நின்றோர் யாவர், அவர்தம் தொழில் யாது, எந்த நியாய உணர்வால் வந்தனர் என்று ஒவ்வொருவராக மீட்டெடுத்தபோது, வரலாற்றெழுத்தில் கூட்டம் உயர்திணைக்கு மாறத் தொடங்கியது.

அவ்வேலையின் ஒரு வடிவம் 1886ஆம் ஆண்டுத் தகட்டில் ஏற்கெனவே இருக்கிறது. என்சோர் அம்மனிதர்களின் பெயர்களைத் தரவில்லை. அவர்களை நல்லவர்களாகவும் காட்டவில்லை. அம்முகங்களுள் பல அருவருப்பானவை, சில அச்சமூட்டுபவை. கூட்டத்தின்மீது அவருக்கு அன்பு இருந்ததாகவும் சொல்ல முடியாது. அவர் மாடத்திலிருந்து பார்த்தவர், தெருவில் நடந்தவர் அல்லர். ஆயினும் எண்ணத் தொடங்கினால் எண்ணத்தக்கவர்களாக அவர்களை விட்டுச்சென்றார். உருப்பெருக்கிக் கண்ணாடியுடன் அப்படத்தின் கீழ்விளிம்பில் குனிபவர் காண்பது கூட்டத்தை அன்று. ஒருவர், அவரருகில் மற்றொருவர், அவரருகில் இன்னொருவர்.